பன்னிரண்டு முழப் பாவடியும் சந்தைப்பேட்டைப் பெரும்போரும்

உள்ளே வெறுங்காற்றும் வெளியே வெறுந்தோலுமாய், உதைபட உதைபட உயரம் கொள்வதும், இருபத்திரண்டு பேரை மூச்சிரைக்க ஓடவிட்டு இருநூறு பேரை வேலைவெட்டி மறந்து வாய்பிளக்க வைப்பதும், உள்ளே புகுந்தால் கடவுளென்றும் வெளியே போனால் சனியனென்றும் ஒரே வாயால் பெயர் பெறுவதுமாகிய பந்தே, இக்காவியத்துக்கு நீயே காப்பு!

வாழ்க வரதராஜுலு! கறுப்புக் கயிற்றில் கோத்த சீழ்க்கையைக் கழுத்தில் தரித்த கோமான் வாழ்க! சூறைக்காற்றிலும் மடிப்புக் கலையாத காக்கி அரைக்கால்சட்டையின் காவலர் வாழ்க! முறுக்கிய மீசையின் ஒரு முனை மருதமலையையும் மறுமுனை சூலூரையும் சுட்டி நிற்க, சென்னைப் பட்டணத்திலே மூன்று மாதம் தேகப்பயிற்சி கற்று, ஒரு சான்றிதழோடும் தீராத இருமலோடும் கோயமுத்தூர் திரும்பி, தறிக்காரர் வீதிக் கோடியிலிருந்த உயர்தரப் பள்ளியில் டிரில் மாஸ்டராய் முடிசூடிய மூர்த்தி வாழ்க! முப்பத்தாறாம் வருஷத்துத் தை மாதத்திலே அவர் நடத்திய பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். அவருக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்ற பெண்டுகள் ஏற்கெனவே பாதிக்குமேல் பாடி முடித்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கு மணியுண்டு, மாடியுண்டு, மானேஜர் உண்டு. மைதானம் மட்டும் இல்லை. மானேஜர் கோவிந்தராஜுலுவுக்கோ பஞ்சரைக்கும் ஆலையொன்று இருந்தது. அதன் பின்புறம் பருத்தி கொட்டிக் காயவைக்கும் களமொன்று, கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளமாய், வருஷத்தில் எட்டு மாதம் கழுதைகளுக்கு மட்டுமே பயன்பட்டு விரிந்து கிடந்தது. அந்தக் களத்தைப் பிள்ளைகளுக்குத் தரும்படி நம் நாயகர் நான்கு முறை விண்ணப்பித்தார். நான்கு முறையும் மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்று அருளினார். கொங்குச் சீமையிலே ஒரு பெரிய மனிதர் கண்ணாடியைத் துடைத்தபடி "பாக்கலாமுங்க" என்றால் அது நடக்காது என்பதைக் கழுதைகளும் அறியும்.

ஆகவே வரதராஜுலுவின் வீரவிழிகள் தறிக்காரர் வீதியின் பின்னிருந்த பாவடிமேல் விழுந்தன. நெய்வதற்கு முன் பாவு எனும் நீளவாட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்கள்மேல் இடுப்புயரத்தில் தாங்கி, கஞ்சி தடவிக் காயவைக்கும் நீண்ட வெற்றிடமே பாவடி. நீளம் நூற்றைம்பது முழம். அகலம் பன்னிரண்டே முழம். இருபுறமும் புங்க மரங்கள். நடுவிலே, காலையில் ஒருவருடைய பாவு, மாலையில் இன்னொருவருடைய பாவு. இரயில் வண்டியின் தாழ்வாரத்திலே பந்தாடச் சொன்னதுபோல் இருந்தது அவ்விடம். வேறொருவராயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். நம் நாயகரோ தம் தோல்வியைத் தத்துவமாக்கும் கலை கைவந்தவர்.

"மாணவர்களே!" என்று முழங்கினார் அவர். "அகன்ற இடம் ஆட்டக்காரனைச் சோம்பேறியாக்கும்! இடம் குறுகக் குறுக ஆட்டம் கூராகும்! பயிற்சி மைதானம் எவ்வழி, ஆட்டக்காரன் அவ்வழி! இந்தப் பாவடியை நான் வெறும் பாவடியாகவா பார்க்கிறேன்?"

அன்று முதல் அவர் பாவடியை வடிவமைக்கலானார். மரத்துக்கு மரம் சுண்ணாம்புக் கோடு கிழித்து எல்லை வகுத்தார். பாவு கட்டும் கற்கம்பங்களை எதிரிகளாகப் பாவித்து, அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கொண்டுசெல்லப் பணித்தார். மாட்டுவண்டி அகலத்துக்கு இருபுறமும் கல் நட்டு அதுவே கோல் என்றார். எல்லாவற்றிலும் மேலாக, காய்ந்துகொண்டிருக்கும் பாவுக்கு அடியிலே, மூங்கில் கால்களுக்கு இடையிலே, இழை ஒன்றும் அதிராமல் பந்தை உருட்டி மறுபுறம் நிற்பவன் காலுக்குச் சேர்க்கும் அரிய வித்தையைக் கற்பித்தார். பந்து கணுக்காலுக்கு மேலே எழும்பினால் தோப்புக்கரணம் ஐம்பது. இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் பதினொருவரும் குனிந்த முதுகோடு, தரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல் பந்தாடும் பதினொரு விந்தைகளாகிவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும்போதும் அவர்கள் குனிந்தே நடந்தார்கள். பணிவுள்ள பிள்ளைகள் என்று ஹெட்மாஸ்டர் மெச்சிக்கொண்டார்.

எந்தச் சாம்ராஜ்யத்துக்கும் எல்லைப்புறத்தில் ஓர் எதிரி உண்டு. பாவடிப் பேரரசுக்குப் பூவாத்தாள். ஐந்து தறிக்கு ஒற்றை மனுஷியாய் நின்று ஆளும் அம்மணி. அவள் குரல் தறிக்கூடத்திலிருந்து கிளம்பினால் புங்க மரத்துக் காக்கைகள் சூலூருக்குப் போய்த்தான் உட்காரும் என்பார்கள். பயிற்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் முன்வரிசை ஆட்டக்காரனாகிய செங்கோடன், அவளுடைய சொந்தத் தம்பி மகன், உற்சாகம் மிகுதியாகிப் பந்தை வானத்துக்கு உதைத்தான். அது வானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பூவாத்தாளின் பாவிலே இறங்கியது. நாற்பது இழை அறுந்தது.

"அடே பொழப்புக் கெடுக்கறவனுகளா! ஒவ்வொரு இழையா உக்காந்து பிணைக்கறது உங்கொப்பனா? ஏனுங்க வாத்தியாரே, மீசைய இத்தனை பெருசா வெச்சிருக்கீங்களே, புத்திய எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

பந்தை அவள் சிறைப்பிடித்தாள். மூன்று நாள் கஞ்சிப் பானைக்குள் ஊறவைத்தாள். நான்காம் நாள் விடுதலையாகி வந்த பந்து பாறையாய் இறுகி, ஆறு மாதம்வரை உதைத்தவன் கால்விரலையெல்லாம் பதம் பார்த்தது.

அந்தப் பேரழிவுக்குப் பின்னர்தான் நம் நாயகர் உலகத்துக் கால்பந்து நூல்கள் எதிலும் காணப்படாத மாபெரும் தற்காப்புப் பயிற்சி ஒன்றை இயற்றினார். பூவாத்தாளின் குரல் காதில் விழுந்த மாத்திரத்திலே, பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். மற்றப் பதின்மரும் நின்ற இடத்திலேயே விறைத்து நின்று கைகளை மேலே தூக்கி, பக்கவாட்டில் விரித்து, மீண்டும் மேலே தூக்கி, கீழே இறக்கி, டிரில் செய்ய வேண்டும். டிரில் மாஸ்டர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ண வேண்டும். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு போகும்வரை நிறுத்தவே கூடாது. தினமும் மூன்று நான்கு முறையாவது அவள் குரல் எழுந்தது. எனவே தினமும் மூன்று நான்கு முறை இந்தப் பயிற்சியும் பழுதின்றி நடந்தது. வேறெந்தப் பயிற்சியிலும் பிள்ளைகள் இத்தனை தேர்ச்சி பெறவில்லை.

இவ்வாறிருக்கையில், ஊருக்கு மேற்கே வற்றிப்போன குளத்தின் பரப்பிலே பந்தாடி வந்த மற்றொரு பள்ளியின் டிரில் மாஸ்டர் நஞ்சப்பன், பாவடிப் படை என்றொரு படை உண்டென்று கேள்விப்பட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய குளமோ கரைக்குக் கரை கால் மைல். அங்கே பழகிய பிள்ளைகள் குதிரைபோல் ஓடுவார்கள். ஓர் உதைக்குப் பந்து பருந்தோடு பேசிவிட்டு வரும். "மாலைக்குள்ள பந்து கெடைச்சாச் சரி" என்பதே அவர்களுடைய ஆட்டமுறை. சந்தைப்பேட்டை மைதானத்தில் வந்து மோத முடியுமா என்று நஞ்சப்பன் ஆள்விட்டுக் கேட்டார். முடியும் என்றார் நம் நாயகர். இருமலுக்கு நடுவே சொன்னாலும் உறுதியாகவே சொன்னார்.

செய்தி மானேஜரின் காதுக்கு எட்டியது. சமீபத்தில்தான் கதர்க் கண்காட்சி ஒன்றைப் பார்த்து வந்து, வெள்ளிக்கிழமைதோறும் கதரும் மற்ற நாட்களில் மில் துணியும் உடுத்தும் அளவுக்குத் தேசபக்தி முற்றியிருந்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்தார். பிரகடனம் செய்தார்.

"ஜெயிச்சு வாங்க, வாத்தியாரே. என்ற பருத்திக் களம் பசங்களுக்கு. மறுநாளே கழுதைகளைத் தொரத்திப்போடறேன். தோத்தீங்கன்னா வெளையாட்டு மணி இனிமேல் தக்ளி மணி. பந்து போயி, ஆளுக்கொரு தக்ளி. நூல் நூக்கறதுக்கு நீங்களே மாஸ்டர்."

விரலால் சுழற்றி நூல் நூற்கும் அந்தச் சின்னஞ்சிறு கதிரை, தறிக்காரர் வீதிப் பிள்ளைகளுக்கு, வீடு நிறைய நூலைப் பார்த்தே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கற்றுத்தர வேண்டும்! சீழ்க்கை ஊதிய வாயால் இழை அறுந்ததைச் சொல்ல வேண்டும்! காக்கிச்சட்டை சம்மணமிட்டு உட்கார வேண்டும்! அன்றிரவு நம் நாயகருக்கு உறக்கம் வரவில்லை என்று அவர் மனைவி வெங்கடலட்சுமி குழாயடியில் சொன்னாள். "கையைக் கையைச் சுத்தறாருங்க தூக்கத்துல" என்றும் சொன்னாள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

போர்நாள் புலர்ந்தது. மாடுகள் நிற்காத நாளில் சந்தைப்பேட்டை கடல்போல் கிடந்தது. தறிக்காரர் வீதி முழுவதும் தறியை நிறுத்திவிட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பூவாத்தாளும் வந்தாள். கன்னம் புடைக்க வெற்றிலையை அதக்கிக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகப் பாவுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்து, ஊரில் வேறெவரையும்விட இந்த ஆட்டத்தை நன்றாக அறிந்துவிட்டவள் அவள். பந்தைத் திட்டினாளே தவிர, ஆட்டத்தைத் திட்டியவளல்லள்.

போத்தனூர் இரயில்வேயிலிருந்து வந்த ரெபரி ஊதினார். ஐயகோ! கடலிலே இறக்கிவிடப்பட்ட பதினொரு கிணற்று மீன்களைக் கண்டவர் உண்டோ? பரந்து விரிந்த அந்த வெளியின் நட்டநடுவிலே, கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு முழத்துக்குள், ஒருவன் பின் ஒருவனாய், தலைக்கு மேலே இல்லாத பாவுக்குக் குனிந்தவாறு, இல்லாத கம்பங்களைச் சுற்றி வளைந்தவாறு பாவடி வீரர்கள் பந்தை உருட்டிச் சென்றார்கள். இடப்புறம் காலி. வலப்புறம் காலி. நஞ்சப்பனின் குளத்துக் குதிரைகள் அந்தக் காலியிடத்திலெல்லாம் கனைத்துக்கொண்டு ஓடின. பாவடிப் படைக்குக் கோல் காத்த நஞ்சுண்டனோ இரண்டு கல்லுக்கு நடுவே நின்று பழகியவன். சந்தைப்பேட்டைக் கோலின் அகலத்தைப் பார்த்து, இதில் எந்தப் பாதி தன்னுடையது என்று யோசிப்பதற்குள் ஒன்று போயிற்று. யோசித்து முடிப்பதற்குள் இரண்டாயிற்று.

"ஏனுங்க நாயுடு, பசங்க எதையாச்சும் தொலைச்சுப்போட்டாங்களா? தரையவே பாத்துட்டு ஓடறாங்க!" என்று எதிர்க்கோட்டிலிருந்து நஞ்சப்பன் நம் நாயகரை விசாரித்தார்.

பாதி ஆட்டம் முடிந்தது. நம் நாயகர் சோடா புட்டியைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் நின்றார். மீசை முனைகளிரண்டும் மலையையும் சூலூரையும் விட்டுத் தரையைச் சுட்டின. சோடாவின் குமிழியிலும் அவருக்குத் தக்ளி சுழல்வதே தெரிந்தது. அப்போது பூவாத்தாள் எழுந்து வந்து, வாயிலிருந்த வெற்றிலை வழியாத அளவுக்கு அண்ணாந்து, தாழ்ந்த குரலில் மொணமொணத்தாள்.

"பாவு இல்லீங்களே வாத்தியாரே. பாவு இல்லாம பசங்களுக்குத் தெசை தெரீலீங்க. நம்ம சனத்தைச் சித்தெ உள்ளார நகந்து நிக்கச் சொல்லுங்க."

மின்னல் வெட்டிற்று. ஆகா, மைதானத்துக்குப் பிள்ளைகளைப் பழக்காவிட்டால் என்ன, பிள்ளைகளுக்கு மைதானத்தைப் பழக்கலாமே! கோட்டுக்கு வெளியே நின்ற தறிக்காரர் வீதி, பூவாத்தாளின் கைச்சைகைக்கு அடங்கி, இரண்டு புறமும் ஓர் அடி உள்ளே வந்தது. ரெபரி திரும்பியபோது நின்றது. அவர் மறுபுறம் பார்த்தபோது இன்னும் இரண்டடி வந்தது. முறுக்கேற்றிய பாவுபோல் இழைக்கு இழை நெருங்கி நின்ற அந்தக் கூட்டத்தின் நடுவே சந்தைப்பேட்டை சுருங்கிற்று. சுருங்கிச் சுருங்கி, பன்னிரண்டு முழமாகாவிட்டாலும், பிள்ளைகளின் மனத்துக்குப் பாவடியாகும் அளவுக்கு ஆயிற்று.

இப்போது குதிரைகள் திணறின. கால் மைல் ஓடிப் பழகியவை நாலு எட்டிலே சனத்தின்மேல் மோதின. உதைத்த பந்தெல்லாம் யாரோ ஒரு முதலியாரின் தலைப்பாகையில் போய் விழுந்தது. பாவடி வீரர்களோ வீடு வந்து சேர்ந்தவர்கள்போல் மலர்ந்தார்கள். கால்களின் நடுவே, கால்களின் அடியே, கணுக்காலுக்கு மேல் எழாமல், ஊடுநூல் சுமந்த நாடா தறியிலே ஓடுவதுபோல் பந்து இங்குமங்கும் ஓடிற்று. ஒன்று. பின்னும் ஒன்று. இரண்டுக்கு இரண்டு! மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்தார். மீசை முனைகள் மீண்டும் மலையேறின. நம் நாயகரின் மனக்கண்ணிலே பருத்திக் களத்துக் கழுதைகள் வரிசையாக வெளியேறின.

கடைசி நிமிஷம். பந்து செங்கோடன் காலில். நாலு பேரை நாலு கற்கம்பமாய்க் கடந்துவிட்டான். எதிரிக் கோல்காரன் பாய்ந்து, தவறி, மண்ணைக் கவ்விக் கிடந்தான். முன்னே திறந்த கோல். இடையே ஐந்து முழம். தொட்டால் போதும், ஊதினாலும் உருளும். விண்ணவர் கூடி மலர்மாரிக்குக் கூடையைக் கவிழ்க்கவிருந்த அக்கணத்திலே, அவ்வளவு நேரமும் வெற்றிலை காத்த மௌனத்தை, துப்பிவிட்டு எழுந்து நின்று, ஐந்து தறியையும் அடக்கிய தன் வெண்கலத் தொண்டையால், தம்பி மகன்மேல் பொங்கிய பாசம் அத்தனையையும் திரட்டி உடைத்தாள் பூவாத்தாள்.

"அடிச்சுப்போடு கண்ணூ!"

செங்கோடன் குனிந்தான். பந்தை இரு கையாலும் எடுத்தான். சட்டைக்குள் செருகினான். வயிறு முன்தள்ள விறைத்து நின்றான்.

மற்றப் பதின்மரும் நின்ற நின்ற இடத்திலேயே குதிகால் சேர்த்து, நெஞ்சு நிமிர்த்தி, கைகளை வானுக்கு உயர்த்தினார்கள். எங்கோ ஒரு குரல் "ஒன்று!" என்றது. யார் அப்படிக் கத்துவது என்று வரதராஜுலு சினந்து திரும்பிப் பார்த்தார். "இரண்டு!" என்று அந்தக் குரல் தம் தொண்டையிலிருந்தே வருவதைக் கேட்டார்.

"கையி! கையி!" என்று அலறினான் குளத்துப் பையன் ஒருவன். ரெபரி ஊதினார். செங்கோடனின் சட்டைக்குள் கைவிட்டுப் பந்தை அவரேதான் எடுக்கவேண்டியிருந்தது.

"அய்யோ, இதென்னுங்க அக்கிரமம்! ஏனுங்க வாத்தியாரே, இப்பப் போயி என்னத்துக்குங்க கையத் தூக்கறாங்க? டேய் செங்கோடா! ஆடுங்கடா!" என்று பூவாத்தாள் நெஞ்சிலடித்துக்கொண்டாள். அவள் கத்தக் கத்த, பந்தை இழந்த செங்கோடனும் சேர்ந்துகொள்ள, பதினொரு சோடிக் கைகளும் முன்னிலும் ஒழுங்காக உயர்ந்தன, விரிந்தன, இறங்கின. நிறுத்தச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் நம் நாயகர். ஆயினும் இரண்டு வருஷமாக இந்தக் குரலுக்கு இந்த எண்ணிக்கை; அந்தக் குரல் ஓயாமல் இந்த எண்ணிக்கை எவ்வாறு ஓயும்? அவள் முதுகைத் திருப்புவாளா என்று கண்கள் கெஞ்சின. அவள் திருப்பவில்லை.

கிடைத்த உதையை நஞ்சப்பனின் பையன் குளத்திலே உதைப்பதுபோலவே உதைத்தான். பந்து எழுந்தது, பருந்தோடு பேசிற்று, சந்தைப்பேட்டையின் நீளம் முழுவதையும் கடந்து பாவடிக் கோலை நோக்கி இறங்கியது. அங்கே நஞ்சுண்டன் இரு கைகளையும் மேலே உயர்த்தி நின்றான். அப்படியே நின்றிருந்தால் பந்து அவன் கைக்குள் தானே வந்து அமர்ந்திருக்கும்.

"நாலு!" என்றார் வரதராஜுலு.

நஞ்சுண்டனின் கைகள் ஒழுங்காக இறங்கின. பந்து அவன் தலைக்கு மேலாகக் கோலுக்குள் போயிற்று.

ஆரவாரம் அடங்கி, குளத்துக் குதிரைகள் நஞ்சப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே போன பின்னர், தறிக்காரர் வீதி வண்டியேறியது. மானேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் சேர்த்து ஒருமுறை சுழற்றிக் காட்டிவிட்டுக் காரில் ஏறினார். காலியான மைதானத்திலே பூவாத்தாள் மட்டும், முந்தானையைக் கையில் கசக்கியபடி, நம் நாயகரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னாலதானுங்களா வாத்தியாரே?"

புண்பட்ட புலிபோலும், வேரற்ற ஆல்போலும், கடிவாளம் இழந்த தேர்போலும் நின்ற அந்தச் சீழ்க்கைக் கோமான், பதினொரு பேரும் பிசிறில்லாமல் ஒரே வீச்சாய்க் கையை உயர்த்திய காட்சியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அத்தனை ஒழுங்காக அவர்கள் செய்ததேயில்லை. ஈரம் மினுங்கிய கண்ணோரத்தில் ஒரு பெருமையும் மினுங்கியதாகக் கேள்வி.

"இல்லீங்க அம்மணி," என்றார். "பயிற்சி நல்லாத்தானுங்க இருந்துது."

திங்கட்கிழமை சாயங்காலம் வரதராஜுலு தக்ளி வாங்கக் கடைக்குப் போனார்.